ஊர் திரும்பாத ரீச்சர்

ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவியர், மூன்று தலைமுறை, 43 ஆண்டுகள்: உடுவில் பெண்கள் பாடசாலையின் எலைசா அக்னியூ

லண்டனின் கிங்ஸ்பரியில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாளுக்குள் ஒரு நினைவு மலர் அச்சாகிவிடும். முகப்பில் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு படம். உள்ளே வம்ச வரிசை, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கம், பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து அனுப்பிய இரங்கல். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இன்னொரு பத்தி இருக்கும். ஞாயிறு பாடசாலை நடத்தியவர், பாடகர் குழுவில் பாடியவர், பீடத்துக்குப் பூ வைத்தவர், ஆராதனை முடிந்தபின் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுக் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டியவர். இப்படியான மலர்கள் சிலவற்றில், வாழ்க்கைக் குறிப்பின் நடுவே, அடைமொழி எதுவும் இல்லாமல் ஒரு வரி வரும்: உடுவில் மகளிர் கல்லூரியில் கற்றார்.

இந்த மலர்களை நான் எறிவதில்லை. பட்டங்களும் பதவிகளும் அவற்றில் தவறாமல் இருக்கின்றன. ஆனால் அந்த ரீச்சர் அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றினார், படிக்க வராமல் நின்றுவிட்ட பிள்ளையைத் தேடி யார் வீட்டுப் படலையைத் தட்டினார் என்பது அநேகமாக இருப்பதில்லை. ஒரு ஆசிரியையின் வாழ்க்கை என்பது அதுதானே. அது எழுதப்படாமல் போவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

யாழ்ப்பாணத்து உடுவிலின் கதையில் ஒரு ரீச்சருக்கு மட்டும் அந்த இழப்பு நேரவில்லை. அவருடைய கடைசி வருடங்களில் அதே வீட்டில் வாழ்ந்த இரண்டு பெண்கள், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்தார்கள். அந்த ரீச்சரின் பெயர் எலைசா அக்னியூ. யாழ்ப்பாணத் திருச்சபையில் இன்றும் அவரை ஆயிரம் மகள்களின் தாய் என்றுதான் சொல்வார்கள்.

உலகப்படத்தில் ஒரு தீவு

எலைசா 1807 பெப்ரவரி 2ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். எட்டு வயதில் ஒரு பூகோள வகுப்பு. ஆசிரியை உலகப்படத்தில் இந்துமாக்கடலின் ஒரு சிறு தீவைக் காட்டி, ஹாரியட் நியூவெல் இறந்தது இங்கேதான் என்றார். தானும் ஒரு நாள் மிஷனரியாகப் போவது என்று அந்தப் பிள்ளை அன்றே மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டாள்.

அந்தத் தீவு இன்றைய மொரிஷியஸ். ஹாரியட் நியூவெல் 1812இல் கணவர் சாமுவேலோடு அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடாமல் வெளியேற்றியது. மீண்டும் கப்பல். கடலிலேயே பிறந்த பெண் குழந்தை கடலிலேயே இறந்தது. தீவில் கரையேறிய ஹாரியட்டும் அந்த நவம்பரில் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது 19. மனைவியைப் புதைத்துவிட்டுத் தனியே புறப்பட்ட சாமுவேல் நியூவெல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் அனுப்பிய தகவல்களின் பேரில்தான் அமெரிக்க மிஷன் 1816இல் அங்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் காலூன்றியது.

ஆகவே அந்த வகுப்பில் காட்டப்பட்ட தீவும், எலைசா பின்னாளில் வந்திறங்கிய குடாநாடும் ஒரே துயரத்தால் இணைந்தவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. வகுப்பில் அதைச் சொன்ன ஆசிரியைக்கும், தான் ஒரு வாக்கியத்தில் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்திருக்காது.

முடிவெடுத்த பிள்ளை உடனே புறப்படவில்லை. பெற்றோரைக் கடைசிவரை பார்த்தார். அவர்கள் போனபின், முப்பது வயதைக் கடந்த நிலையில், விண்ணப்பித்தார். மணமாகாத பெண்களைத் தனியே கடல் கடந்து அனுப்ப மிஷன் சங்கங்கள் தயங்கிய காலம் அது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட முதல் மணமாகாத அமெரிக்கப் பெண்களில் ஒருவராக 1839இல் கப்பலேறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பாய்க்கப்பல் பயணம் பல மாதம் எடுத்தது. 1840இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம். அதற்கு அடுத்த வருடம், 1841 ஜனவரியில், உதயதாரகை பத்திரிகையின் முதல் இதழ் அங்கே வெளிவந்தது. அச்சும் பள்ளியும் ஊரை மாற்றத் தொடங்கியிருந்த நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார்.

மழையில் தொடங்கிய விடுதி

உடுவில் பள்ளியை அக்னியூ தொடங்கவில்லை. அதைத் தொடங்கியவர் இன்னொரு ஹாரியட். மைரன் வின்ஸ்லோ என்ற பெயரைத் தமிழ் அகராதி புரட்டியவர்கள் அறிவார்கள். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதிக்குரியவர். அவருடைய மனைவி ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவினார். ஆசியாவிலேயே பெண்களுக்கென்று எழுந்த முதல் விடுதிப் பாடசாலை என்று உடுவிலார் பெருமையோடு சொல்வார்கள்.

அதன் தொடக்கத்தைப் பற்றி வழிவழியாக ஒரு கதை உண்டு. தையல் பழகவும் எழுத்துப் பழகவும் இரண்டு சிறுமிகள் அம்மையாரின் விறாந்தைக்கு வந்துபோவார்களாம். ஒரு மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழியில்லை. பசியில் அழத் தொடங்கிய பிள்ளைகளுக்கு மிஷன் வளவிலேயே சோறு கொடுத்துப் படுக்க வைத்தார்கள். சாதி பார்த்துச் சோறு உண்ட ஊர் அது. மாற்றார் வீட்டில் உண்டபின் இனி இவர்கள் இங்கேயே இருந்து படிக்கட்டும் என்று தகப்பன் விட்டுவிட்டாராம். கதையின் ஒவ்வொரு விவரத்தையும் நான் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. ஒரு பெண்பிள்ளை பள்ளியில் தங்கிப் படிக்க வேண்டுமானால் முதலில் கடக்க வேண்டியிருந்த சுவர், ஒரு பிடி சோறு என்பதை இந்தக் கதை சரியாகச் சொல்கிறது.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஏடு வாசிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயில் ஆடல் மகளிர்தான் நினைவுக்கு வந்தார்கள். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து அவமானம். தன் மகளுக்கு எழுத்துக் கற்பிப்பதும் மாட்டுக்குக் கற்பிப்பதும் ஒன்று என்று மிஷனரிகளிடம் முகத்துக்கு நேரே சொன்ன தகப்பன்மார் இருந்தார்கள். அதனால் தொடக்கத்தில் பள்ளி பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தது. படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் கொடுத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடுவில் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்து வெளிவரும் இளைஞருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவது. பெண்ணை அவளுக்காகவே படிக்க வைக்கும் எண்ணம் அந்தத் திட்டத்தின் மையத்தில் இருக்கவில்லை. பிறகு அது மையத்துக்கு வந்ததென்றால் வகுப்பறையில் நின்ற பெண்களால்தான் வந்தது.

இன்னொன்று, பெயர். அமெரிக்காவில் ஒரு குடும்பமோ திருச்சபையோ ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது. செமினரியிலும் அப்படி, உடுவிலிலும் அப்படி. தாயும் தகப்பனும் கூப்பிட்ட பெயர் பதிவேட்டில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பார்த்தறியாத ஊரின் யாரோ ஒருவருடைய பெயர் முன்னுக்கு வந்தது. நல்லெண்ணத்தில் நடந்தது என்றாலும் இது எனக்கு வலிக்கிறது. அந்தப் பெண்களின் கதைகளைத் தேடிப் போகிறவர்களுக்குப் பாதி வழியில் தடம் மறைந்துபோவது இதனாலும்தான்.

பெயர் என்றதும் கிங்ஸ்பரி வாசகர்களுக்கு ஒரு செய்தி. இந்தப் பெயர் தமிழ் உலகத்துக்குள் வந்தது நாம் இந்த ஊருக்கு வருவதற்கு வெகு காலம் முன்பு. வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராகி, பின்பு கலித்தொகையை அச்சேற்றியவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானபோது பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். அந்த கிங்ஸ்பரிதான் ஜி.இ. பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து சைவ நாயன்மார் பாடல்களை ஆங்கிலமாக்கி 1921இல் வெளியிட்டார். மிஷன் பள்ளிகள் விதைத்தது எங்கே எப்படி முளைக்கும் என்று மிஷனே அறிந்திருக்கவில்லை.

வகுப்பறைக்கு வெளியே

ஹாரியட் வின்ஸ்லோ 1833இல் இறந்தார். மிஷனரி லீவை ஸ்போல்டிங்கும் அவருடைய மனைவியும் பள்ளியைத் தாங்கினார்கள். 1842 அளவில் பொறுப்பு அக்னியூவின் கைக்கு வந்தது. அதிலிருந்து 1879 வரை அவர்தான் உடுவில். அதிகாலை மணி, ஜெபம், வேத வசனங்களை மனப்பாடம் செய்தல், தமிழ் வாசிப்பு, கணக்கு, பூகோளம், தையல், சமையல். விடுதிப் பிள்ளை என்றால் நெல் குத்துவதும் முற்றம் கூட்டுவதும் படிப்போடு சேர்ந்தவை. ஆறேழு வயதில் வந்து கலியாணம் வரை அங்கேயே இருந்த பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அக்னியூ தலைமை ஆசிரியை மட்டுமாக இருந்திருக்க முடியாது. இரவில் காய்ச்சல் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கையும் அவருடையதுதான்.

ஆனால் அவரைப் பெரிய ஆசிரியை ஆக்கியது இந்த நேர அட்டவணை என்று நான் நினைக்கவில்லை. நல்ல விடுதிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இது இருந்தது. அக்னியூ செய்தது வேறு. விடுமுறை வந்ததும் அவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. கிராமம் கிராமமாகப் போனார். பழைய மாணவியரின் வீடுகளில் தங்கினார். அவர்களின் மாமியாரோடும் அயலட்டைப் பெண்களோடும் உட்கார்ந்து பேசினார், வாசித்துக் காட்டினார், ஜெபித்தார்.

அந்த நாள் யாழ்ப்பாணத்தை எண்ணிப் பார்த்தால்தான் இதன் அளவு விளங்கும். வசதியான குடும்பத்துப் பெண் கலியாணம் முடித்தால் வேலிக்குள் போய்விட்டாள் என்று பொருள். கிடுகு வேலியும் படலையும்தான் அவளுடைய எல்லை. எட்டு வருடம் படித்த படிப்பு அந்த வேலிக்குள் சத்தமில்லாமல் மறந்துபோகலாம். கையில் புத்தகம் எடுத்தால் நகைக்கும் மாமியார் இருக்கலாம். கிறிஸ்தவளாக விரும்பிய பெண் சைவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கலாம். பள்ளியின் கை எட்டாத இடம் அது. அங்கே ரீச்சர் தாமே வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, படித்த மருமகளைப் பார்த்து வீட்டார் நகைப்பது நின்றிருக்கும். கற்றதை மறந்துவிடாதே என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, அவர் வந்ததே போதும்.

பிறகு அந்தப் பெண்ணின் மகள் பள்ளிக்கு வந்தாள். 1842இல் எட்டு வயதில் சேர்ந்த ஒரு பிள்ளையை வைத்துக் கணக்குப் பாருங்கள். 1850களின் தொடக்கத்தில் கலியாணம். 1860 அளவில் அவள் மகள் உடுவிலில். 1870களின் கடைசியில் பேத்தி. மூன்று பேருக்கும் ஒரே ரீச்சர். தன் முதல் மாணவியரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர் கற்பித்தார் என்று அவரோடு வாழ்ந்தவர்கள் எழுதியது மிகைப்படுத்தல் அல்ல, 37 வருடம் ஒரே பள்ளியில் இருந்தால் இயல்பாக வருவது. பாட்டியின் குறும்பை அறிந்த ஆசிரியை பேத்திக்கு எழுத்தறிவிப்பது நமது பள்ளிகளில் இனி நடக்கப்போவதில்லை.

படித்து வெளியே போன பெண்களில் பலர் கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகள் ஆனார்கள். சிலர் வேதாகமப் பெண்களாக வீடு வீடாகச் சென்று ரீச்சர் செய்ததையே செய்தார்கள். உபதேசியார், போதகர், வைத்தியர், சட்டத்தரணி, அரசு உத்தியோகத்தர் ஆகியோரின் மனைவியர் ஆனார்கள். கொழும்பிலும் பின்பு மலாயாவிலும் உத்தியோகம் பார்த்த கணவன் அனுப்பிய கடிதத்தை, அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிடாமல் தானே பிரித்து வாசிக்கத் தெரிந்த பெண்கள் அவர்கள். கடிதத்தைத் தனியே இருந்து வாசிக்க முடிவது ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன மாற்றம் என்பதை, வாசிக்கத் தெரியாத அப்பாச்சியோடு வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

அக்னியூவிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாக வெளியே சென்றதாக மிஷன் கணக்கு. மிஷனுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம், அதற்காகத்தான் பணம் வந்தது. அக்னியூவுக்கும் அது முக்கியம் என்பதில் ஐயமில்லை. அவர் விசுவாசத்தை வெட்கப்படாமல் சொன்னவர். மதம் மாறாமல் போன மற்ற ஏறத்தாழ நானூறு பேரை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர்களும் வாசிக்கக் கற்றார்கள், அவர்களின் வீடுகளிலும் பிறகு புத்தகம் இருந்திருக்கும். திருச்சபையின் வரலாறு அவர்களை எண்ணிக்கையில் மட்டும் விட்டுவிட்டது. சைவர்கள் எழுதிய வரலாறும் அவர்களைத் தேடவில்லை.

மிஷன் பள்ளிகளுக்கு எதிராக எழுந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தமிழ்க் கல்விக்கு அவர் செய்தது அளவற்றது. ஆனால் குடாநாட்டில் சைவப் பெண்களுக்கென்று பெரிய விடுதிக் கல்லூரி ஒன்று எழ 1913 ஆயிற்று. பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில், உடுவிலுக்கு மிக அருகில், இராமநாதன் கல்லூரியை நிறுவினார். உடுவில் பள்ளிக்கும் அதற்கும் இடையே 89 வருடம். அத்தனை காலமும் தம் மகளைப் படிக்க வைக்க விரும்பிய சைவத் தகப்பன் பலருக்கும் எதிரே திறந்திருந்த கதவு உடுவில்தான். மதமாற்றத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த 89 வருடத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

1855இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் தலைமை ஒரு தூதுக் குழுவை அனுப்பியது. ரூபஸ் ஆண்டர்சன் தலைமை. ஆங்கிலக் கல்வி உத்தியோகம் தேடுவோரை உருவாக்குகிறதே தவிர திருச்சபையை வளர்க்கவில்லை என்பது அவர்களின் முடிவு. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. உடுவிலில் ஆங்கிலம் நின்றது, எல்லாம் தமிழில் என்றானது. செமினரிக்கு அது பேரிடி. உடுவிலுக்கு அது வேறு விதமாக அமைந்தது என்பது என் எண்ணம். தமிழில் படித்த பெண், தான் படித்ததைத் தாய்க்கும் மாமிக்கும் அப்படியே வாசித்துக் காட்டலாம். மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் பின்னாளில் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அக்னியூவின் வீட்டுச் சந்திப்புகளும் தமிழில்தான் நடந்தன. அவருடைய பள்ளியின் பாதி அந்த வீடுகளில் இருந்ததால் குழு எடுத்த முடிவால் அந்தப் பாதிக்குச் சேதம் வரவில்லை.

ஊருக்குப் போக நேரமில்லை

மிஷனரிகளுக்கு இடையிடையே தாய்நாடு போய் இளைப்பாறி வரும் வழக்கம் உண்டு. நோயும் வெப்பமும் பிள்ளைகளின் படிப்பும் அதற்குக் காரணங்கள். அக்னியூ 43 வருடத்தில் ஒரு முறையும் போகவில்லை. அமெரிக்காவுக்கு ஒரு விடுமுறை போய் வரக்கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு, நேரமில்லை, வேலை நிறைய இருக்கிறது என்பதே அவருடைய பதிலாம்.

1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் ஓடின. மாதங்கள் எடுத்த வழி வாரங்களாகச் சுருங்கியது. அதற்குள் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு ஓய்ந்திருந்தது. அவர் விட்டு வந்த நியூயார்க் பெரும்பாலும் மாறிப்போயிருக்கும். வழி சுலபமானபோதும் அவர் போகவில்லை.

இதை லண்டனில் இருந்து எழுதும்போது எனக்குள் ஒன்று அசைகிறது. ஊர் திரும்ப முடியாமல் போன ஒரு தலைமுறை நாம். இலங்கையில் நடந்த போர் நம்மைத் தடுத்தது. பிறகு பிள்ளைகள், வேலை, வீட்டுக்கடன். அக்னியூ தாமே தெரிந்து எடுத்தார், நாம் தள்ளப்பட்டோம். இரண்டையும் ஒன்றாக்க நான் துணியமாட்டேன். ஆனால் வந்த இடத்தில் யாருடைய பிள்ளைகளையோ தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டு நாற்பது வருடம் இருந்துவிட்ட பெண்களை நானும் இங்கே கண்டிருக்கிறேன்.

1879இல், 72 வயதில், அக்னியூ பள்ளிப் பொறுப்பைச் சூசன் ஹவ்லண்ட் அம்மையாரிடம் விட்டுவிட்டு மானிப்பாய்க்குப் போனார். அதே வருடம் டிசம்பரில் ஆறுமுக நாவலர் காலமானார். எதிர் அணிகளில் நின்ற இரண்டு கல்விக்காரர்களின் காலம் ஒரே வருடத்தில் முடிவுக்கு வந்தது.

மானிப்பாயில் அவரோடு வாழ்ந்தவர்கள் மேரி லீச், மார்கரெட் லீச் என்ற அமெரிக்கச் சகோதரிகள். அவர்கள் புதிதாக வந்த இளம் மிஷனரிகள். கிழவி ஓய்ந்து உட்காரவில்லை. அவரைத் தேடிப் பழைய மாணவியர் வந்தார்கள். அவர்களில் பலர் அதற்குள் பாட்டிமார். 1883 ஜூனில், 76 வயதில், அக்னியூ இறந்தார். கடைசி நாட்களில் தமக்கென்று எதையும் வேண்டாமல், தமிழ்த் தாய்மாருக்காக ஜெபிக்கும்படி கேட்டார் என்று சகோதரிகள் குறித்திருக்கிறார்கள். அவருடைய நினைவை அவர்கள் தங்கள் இலங்கை அனுபவ நூலில் சேர்த்து 1890இல் வெளியிட்டார்கள்.

கிங்ஸ்பரியின் ஞாயிறுகள்

கிங்ஸ்பரி ஒரு காலத்தில் வயலும் பண்ணையுமாக இருந்த ஊர். 1932இல் ரயில் நிலையம் திறந்தபின்தான் வீடுகள் வரிசை வரிசையாக நிறைந்தன. இங்குள்ள செயின்ட் ஆன்ட்ரூஸ் ஆலயத்துக்கு ஒரு வியப்பான வரலாறு உண்டு. 1847இல் மத்திய லண்டனின் வெல்ஸ் தெருவில் கட்டப்பட்டது அது. அங்கே சபை தேய்ந்து மூடியபின், கல் கல்லாகப் பிரித்து, இலக்கமிட்டு, வண்டியேற்றி இங்கே கொண்டுவந்து 1934இல் மறுபடி எழுப்பினார்கள். பக்கத்திலேயே நூற்றாண்டுகள் பழைமையான பழைய செயின்ட் ஆன்ட்ரூஸும் நிற்கிறது.

1983இல் அந்தப் போர் மூண்டபின் வந்த நம்மவர் எந்தக் கல்லையும் கொண்டுவரவில்லை. இந்த நகரத்தில் தமிழ் ஆராதனைகள் பல, ஆங்கிலச் சபைகளின் ஆலயங்களிலும் மண்டபங்களிலும் ஞாயிறு பிற்பகலில் நடக்கின்றன. முற்பகல் ஆராதனை முடிந்து அவர்கள் போனபின் நம்முடைய நேரம். கதிரைகளை மாற்றி அடுக்கி, ஒரு மூலையில் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, வேதக்கதையும் தமிழ் எழுத்தும் சேர்த்துச் சொல்லித்தர ஒரு ரீச்சர் இருப்பார். ஊரில் முப்பது வருடம் படிப்பித்து இளைப்பாறியவர். இங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது, பதவியும் கிடையாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் அவரையே காணலாம். ஒரு பிள்ளை இரண்டு வாரம் வரவில்லை என்றால் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். அங்கே யாரும் எடுக்காவிட்டால் பஸ் பிடித்துப் போய்க் கதவைத் தட்டுவார். தகப்பன் இரவு வேலை முடிந்து தூங்குகிறார் என்றால், பிள்ளையைத் தானே கையில் பிடித்துக் கூட்டி வருவார். முன்னறிவிப்பில்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகாத நகரம் இது. வீடு தேடிப் போகிற அந்தப் பழக்கத்தை அவர் எங்கே கற்றார் என்று கேட்டால், எங்கள் ரீச்சர்மார் அப்படித்தான் என்பார். அந்த ரீச்சர்மாருக்கும் ரீச்சர்மார் இருந்தார்கள்.

இப்படி ஒருவர் இறந்தபின் மலருக்கு விவரம் சேர்க்க அலையும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் பள்ளியை விட்டு நின்றாள், ஏன் நின்றாள், அவளைத் தேடிப் போனீர்களா, அவள் தாய் என்ன சொன்னாள் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். உடுவிலின் ஆயிரம் பெண்களுக்கு அது நடக்கவில்லை. அவர்களுடைய ரீச்சரின் பெயர் மட்டும் நம்மிடம் இருக்கிறது, அதுவும் லீச் சகோதரிகள் எழுதியதால்.

அந்தச் சகோதரிகள் எழுதியதோடு நிற்கவில்லை. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய் யாழ்ப்பாணத்தின் கதையைப் பேசி நிதி திரட்டினார்கள். யாழ்ப்பாணப் பெண்களுக்குப் பெண் வைத்தியர்களே மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த முக்கியமான வேண்டுகோள். ஆண் வைத்தியரிடம் போக மறுத்துப் பேறுகாலத்தில் இறந்த தாய்மார் பலர். உடுவிலுக்கு அடுத்த ஊரான இணுவிலில் 1890களில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியோட் ஆஸ்பத்திரி உருவானது அந்த முயற்சியில்தான். அங்கே பெண் வைத்தியர்கள் பிரசவம் பார்த்தார்கள், நம் பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். யாழ்ப்பாணத்தில் பல தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கட்டிலில் பிறந்தவர்கள். லண்டனில் வாழும் நம்மவரிலும் அறுபதைக் கடந்தவர்களிடம் பிறந்த இடம் கேட்டுப் பாருங்கள். இணுவில் ஆஸ்பத்திரி என்பார் பலர்.